வயசான பூனைக்கு கிட்னி போயிருச்சுன்னா... வாசகர் கேள்வி பதில்

வயசான பூனைகளை பத்தி போன தடவை சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கிட்னி பத்திதான். அதனால நாய்க்காரங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இந்த தடவை முழுக்க பூனை.

எங்க மிட்டுவுக்கு 14 வயசு டாக்டர். ரெண்டு மாசமா தண்ணி நிறைய குடிச்சா, நல்லதுதானேன்னு நாங்களும் விட்டுட்டோம். எடை குறையுதேன்னு டெஸ்ட் எடுத்தா, கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கிரியாட்டினின்ங்கிற கழிவு ரத்தத்துல 3.4, ஸ்டேஜ் 3னு சொல்லிட்டாங்க. முன்னாடியே பாத்திருக்கலாமோன்னு நினைச்சு நினைச்சு தூக்கமே போச்சு. இன்னும் எத்தனை நாள் இருப்பா?

முதல்ல அந்த தூக்கத்துக்கு வருவோம். கிட்னி ரொம்ப அழுத்தமான ஆளுங்க, உள்ள எவ்வளவு கெட்டாலும் வெளிய காட்டிக்காது, கிட்டத்தட்ட முக்கால்வாசி வேலை நின்ன பிறகுதான் கிரியாட்டினினே ஏற ஆரம்பிக்கும். பூனையும் அதே மாதிரி அழுத்தமான ஆளு. ரெண்டும் சேந்து மறைச்சதை நீங்க கண்டுபிடிக்கலன்னு உங்களையே திட்டிக்கிறதுல அர்த்தமே இல்ல. எஸ்.டி.எம்.ஏ.ன்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது பெரும்பாலும் கொஞ்சம் முன்னாடியே காட்டிக்கொடுத்துரும், 10 வயசு தாண்டின பூனை வச்சிருக்கிற மத்தவங்க வருஷாந்திர செக்கப்ல யூரின் டெஸ்ட்டோட அதையும் கேட்டு வாங்குங்க.

தண்ணி விஷயத்துல எல்லாரும் பண்ற தப்புதான் உங்களுக்கும் நடந்திருக்கு. தண்ணி குடிக்கிறதால யூரின் போகல, யூரின் தண்ணியா போறதாலதான் குடிக்கிறா. உடம்புல நீரை பிடிச்சு வைக்கிற வேலையை கிட்னி விட்டுருச்சு, போறதை ஈடு கட்ட அவ நாள் பூரா குடிச்சிட்டு இருக்கா, அப்படியும் பத்தாது. அதனால இதுல முக்கால்வாசி வைத்தியம் உள்ள தண்ணி போறதுதான். காய்ஞ்ச உணவுல தண்ணி 10 சதவீதம் அளவுதான் இருக்கும், ஈர உணவுல 75, 80 சதவீதம். சாப்பாட்டை ஈரமா மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. மூணு நாலு இடத்துல அகலமான கிண்ணத்துல தண்ணி வைங்க, சாப்பாட்டு தட்டுக்கு பக்கத்துல வேண்டாம், டாய்லெட் ட்ரேக்கு பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

3.4க்கு வருவோம். ஐரிஸ்னு கிட்னி நிபுணர்களோட சர்வதேச அமைப்பு ஒண்ணு இருக்கு, ஸ்டேஜ் பிரிக்கிறதெல்லாம் அவங்க கணக்குதான். பூனைக்கு 1.6ல இருந்து 2.8 வரை ஸ்டேஜ் 2, 5 வரை ஸ்டேஜ் 3, அதுக்கு மேல 4. ஆனா பூனை உடம்புல நீர் வத்தி இருக்கும்போது எடுத்த நம்பரை வச்சு ஸ்டேஜ் சொல்லக்கூடாது, நீர் வத்தினாலே கிரியாட்டினின் ஏறி காட்டும். டிரிப் ஏத்தி தெளிஞ்ச பிறகு மறுபடி எடுத்தாங்களா? எடுக்கலன்னா எடுக்க சொல்லுங்க, 3.4 இறங்கவும் வாய்ப்பு இருக்கு. கூடவே பாஸ்பரஸ், பொட்டாசியம், யூரின்ல புரோட்டீன், பிபி இந்த நாலும் பாத்தாச்சான்னு கேளுங்க. கிரியாட்டினினை நம்மால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, இந்த நாலையும் பண்ண முடியும்.

எத்தனை நாள்னு கேட்டீங்க. ஸ்டேஜ் 3ல ரெண்டு வருஷம் தாண்டி ஓடின பூனைங்களும் உண்டு, சில மாசத்துல போனதும் உண்டு, மிட்டு எந்த பக்கம்னு இன்னைக்கு யார் சொன்னாலும் அது குறி சொல்றதுதான். அதுக்கு பதிலா குழந்தைங்களை எடை பாக்குற தராசு ஒண்ணு வாங்கி வாரம் ஒரு தடவை எடை எழுதி வைங்க. 4 கிலோ பூனை 200 கிராம் இறங்கினா 60 கிலோ ஆள் 3 கிலோ இறங்கின மாதிரி. கைல தூக்கி பாத்தா அது தெரியாது, நோட்டுல தெரியும்.

டாக்டர் சொன்ன, பாஸ்பரஸ் கம்மியான கிட்னி உணவை எங்க பூனை மோந்து கூட பாக்க மாட்டேங்குது. பசிச்சா தானா தின்னும்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு நாள் பட்டினி போட்டு பாக்கலாமா?

வேண்டாம், இது மட்டும் வேண்டவே வேண்டாம். நாய்க்கு கூட அந்த பழமொழி ஒத்து வரலாம், பூனைக்கு வராது. ரெண்டு மூணு நாள் வயித்துல ஒண்ணும் போகலன்னா உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கல்லீரல்ல போய் குவிஞ்சு அது தனி நோயா கிளம்பும், கிட்னிக்கு முன்னாடி அதுவே ஆளை சாச்சுரும். ஒரு நாள் முழுக்க எதுவுமே தொடலன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க.

முதல்ல ஒண்ணு கவனிங்க. தட்டுகிட்ட ஆசையா வருதா, மோந்து பாத்து, உதட்டை நக்கி, முகத்தை திருப்பிட்டு போகுதா? அது பிகு இல்லைங்க, குமட்டல். ரத்தத்துல கழிவு சேர சேர வயித்தை புரட்டும், நமக்கு காய்ச்சல்ல சோத்தை பாத்தாலே வருமே அது மாதிரி. அந்த நேரத்துல புது உணவை வச்சா, இதை தின்னுதான் வயிறு புரளுதுன்னு அது மனசுல பதிஞ்சுரும், பிறகு ஜென்மத்துக்கும் தொடாது. ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி இருக்கும்போதே கிட்னி உணவை ஆரம்பிக்காதீங்கன்னு நான் சொல்றதும் இதனாலதான். முதல்ல குமட்டலை அடக்கணும், மரோபிடன்ட்னு மருந்து இருக்கு, பசிக்கு மிர்டாசபின், அது காதுல தடவுற களிம்பாவே வந்திருக்கு, வாயை பிளக்கிற போராட்டம் மிச்சம். வயிறு சரியானதும் பழைய உணவுல ஒரு ஸ்பூன் புதுசு கலந்து மூணு நாலு வாரம் எடுத்து மெதுவா மாத்துங்க. லேசா சூடு பண்ணுங்க, வாசனை வந்தாதான் பூனைக்கு அது சாப்பாடு.

அப்படியும் முடியாதுன்னா பழைய உணவே தரலாம், கூட பாஸ்பரஸை பிடிச்சு வெளிய தள்ளுற மருந்தை டாக்டர்கிட்ட கேட்டு கலந்து கொடுங்க. வயித்துக்குள்ள போகாத கிட்னி உணவால யாருக்கு என்ன பிரயோஜனம்? அப்புறம், கசப்பு மாத்திரையை அதுக்கு ரொம்ப பிடிச்ச உணவுல ஒளிச்சு வைக்காதீங்க, ஒரு தடவை மாட்டினா அந்த உணவும் போச்சு, உங்க மேல இருந்த நம்பிக்கையும் போச்சு.

வீட்டுலயே தோலுக்கடியில டிரிப் போட சொல்லிட்டாங்க. ஊசியை பாத்தாலே எனக்கு கை நடுங்குது. என் பூனைக்கு நான் வில்லி ஆயிருவேனோன்னு பயமா இருக்கு.

எங்க வீட்டு கிழவனுக்கு 16 வயசுல நான் இதை ஆரம்பிச்சேன். வேலையில எத்தனையோ பூனைக்கு போட்ட கைதான், சொந்த பூனைன்னதும் அந்த கை வேற கையா போச்சு. முதல் நாள் ராத்திரி சோபால உக்காந்து போட்டேன், அவன் அஞ்சு நிமிஷம் அசையாம படுத்திருந்தான், அடடா என்ன சமத்துன்னு உருகிட்டு இருக்கேன், மடியெல்லாம் சில்லுனு ஆகுது. ஊசி தோல் மடிப்புல ஒரு பக்கம் போய் மறுபக்கம் வெளிய வந்து நின்னுருக்கு, 100 மில்லியும் எனக்குதான் ஏறிச்சு. அதனால பயப்படாதீங்க, எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும்.

பையை சுடுதண்ணி பாத்திரத்துல கொஞ்ச நேரம் போட்டு உடம்பு சூட்டுக்கு கொண்டு வாங்க, மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, ஒரு இடம் கொதிக்கும் ஒரு இடம் சில்லுனு இருக்கும். மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டு பாருங்க. பையை எவ்வளவு உயரத்துல மாட்டுறீங்களோ அவ்வளவு வேகமா இறங்கும். தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல தோலை கூடாரம் மாதிரி தூக்கி பிடிங்க, ஊசியோட சாய்வா வெட்டின முகம் மேல பாக்கணும், கூடாரத்து வாசல்ல நுழையிற மாதிரி முதுகெலும்புக்கு இணையா உள்ள தள்ளுங்க. தயங்கி தயங்கி குத்துறதுதான் வலிக்கும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஊசியில நம்பர் குறைய குறைய ஊசி தடி, 18ல சீக்கிரம் முடியும், 21ல வலி கம்மி, ஆனா நேரம் ஆகும், உங்க பூனைக்கு பொறுமை ஜாஸ்தியா ரோஷம் ஜாஸ்தியான்னு உங்களுக்குதான் தெரியும்.

போட்டு முடிச்சதும் முதுகுல ஒரு மூட்டை மாதிரி நிக்கும், அது மெல்ல இறங்கி முன்னங்கால்ல தொங்கும், பாக்க பகீர்னு இருக்கும், சில மணி நேரத்துல வடிஞ்சுரும். ஆனா அளவையும் எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்கிறதையும் நீங்களா கூட்டாதீங்க. இதயம் பலவீனமா இருந்தா ஏத்தின தண்ணி நுரையீரல் பக்கம் போய் நிக்கும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்க, நிமிஷத்துக்கு 30 தாண்டினா அன்னைக்கு டிரிப்பை நிறுத்திட்டு போன் பண்ணுங்க.

வில்லி ஆகிறதை பத்தி. டிரிப்புக்குன்னு ஒரு இடம், ஒரு விரிப்பு, ஒரு நேரம் வச்சுக்கோங்க, அது தூங்குற இடத்துல போய் பிடிக்காதீங்க. தூங்குற இடம் அதுக்கு சொந்தமாவே இருக்கட்டும். முடிஞ்ச கையோட பிடிச்ச ஏதாவது ஒண்ணு நக்க கொடுங்க. எங்க கிழவன் ரெண்டாவது மாசம் விரிப்பை விரிச்சாலே அவனா வந்து உக்காருவான், டிரிப்புக்காக இல்ல, அதுக்கு பிறகு வர்றதுக்காக.

கால் வலிச்சு நொண்டுது, எங்க வீட்டுல இருக்கிற பாராசிட்டமால்ல கால்வாசி கொடுக்கலாமா?

கூடாது. கால்வாசியும் கூடாது, அரைக்கால்வாசியும் கூடாது. பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனை கல்லீரலுக்கு கிடையாது, ரத்தமே ஆக்சிஜன் சுமக்க முடியாம போயி உயிருக்கு ஆபத்தாகும். இன்னொரு வலி மாத்திரை இபுப்ரோஃபென், அது கிட்னியை நேராவே அடிக்கும். ஏற்கனவே கொடுத்திருந்தீங்கன்னா இதை படிக்கிறதை நிறுத்திட்டு கிளம்புங்க.

ரெண்டு நாளா சுவர்ல முட்டிக்குது, கண்ணு முழுக்க கருப்பா விரிஞ்சு இருக்கு. வயசாச்சுல்ல, அதனால கண்ணு மங்குதா?

வயசுல மங்குறது ரெண்டு நாள்ல மங்காது. கிட்னி கெட்டா பிபி ஏறும், ஏறின பிபி விழித்திரையை பிச்சு எடுத்துரும், நேத்து பாத்த பூனைக்கு இன்னைக்கு கண்ணு தெரியாது. இது அவசரம். இன்னைக்கே போய் பிபி பாருங்க, பூனைக்கு 160 தாண்டினா கவனிக்கணும். அம்லோடிபின்னு மனுஷங்களுக்கு கொடுக்கிற அதே மருந்துதான், அளவுதான் வேற. சீக்கிரம் போனா பார்வை ஓரளவு திரும்பினதும் உண்டு.

16 வயசு. டாய்லெட் ட்ரே சுத்தமாதான் இருக்கு, ஆனா வேணும்னே என் கட்டில்ல யூரின் போறான்.

வேணும்னேன்னு பூனை எதுவும் பண்றதில்ல, பண்ற மாதிரி முகத்தை வச்சுக்கும் அவ்வளவுதான். முதல்ல யூரின் டெஸ்ட், யூரின் தண்ணியா இருக்கிற பூனைக்கு அதுல கிருமி சேர வாய்ப்பு அதிகம். ரெண்டாவது, அந்த வயசுல மூட்டு தேயும், ட்ரேயோட விளிம்பை தாண்டி கால் வைக்கிறதே வலி. ஒரு பக்க விளிம்பை வெட்டி தாழ்வாக்கி பாருங்க. முன்னாடியை விட ரெண்டு மடங்கு போறான்ல, அப்போ காலைல சுத்தம் பண்ணின ட்ரே சாயங்காலம் அவன் கணக்குல அழுக்கு. இன்னொரு ட்ரே வைங்க.

மனுஷங்க மாதிரி பூனைக்கு கிட்னி மாத்த முடியாதா?

முடியும், 1980கள்ல இருந்தே அமெரிக்காவுல பண்றாங்க. வெகு சில இடங்கள்லதான், ஆயுசு முழுக்க மருந்து வேணும். கிட்னி கொடுத்த பூனையையும் வாங்கிக்கிட்ட பூனையோட வீட்டுக்காரங்களே எடுத்து வளக்கணும்னு அங்க நிபந்தனை வைப்பாங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். ஆனா ரொம்ப வயசான, வேற நோயும் இருக்கிற பூனைக்கு பெரும்பாலும் பண்ண மாட்டாங்க.

ஸ்டேஜ் 4. அஞ்சு மாசமா பாத்துட்டு இருக்கேன். அவளை இழுத்து பிடிச்சு வச்சு கஷ்டப்படுத்துறேன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஆனா மடியில வந்து படுத்தா இன்னும் குர்ருனு சத்தம் போடுறாளே டாக்டர், அப்போ சந்தோஷமாதானே இருக்கா? எப்படி முடிவு எடுக்கிறது?

அந்த குர்ர் சத்தத்தை மட்டும் சாட்சியா வச்சுக்காதீங்கம்மா. சந்தோஷத்துலயும் போடுவாங்க, வலியிலயும் போடுவாங்க, சாகிற நேரத்துல கூட போடுற பூனைங்க உண்டு.

ஆலிஸ் வில்லாலோபோஸ்னு ஒரு கால்நடை மருத்துவர் இதுக்கு ஒரு கணக்கு சொல்லி வச்சிருக்காங்க. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், அப்புறம் கெட்ட நாளை விட நல்ல நாள் ஜாஸ்தியான்னு ஒண்ணு. ஏழுக்கும் பத்து பத்து மார்க், 70க்கு 35க்கு மேல இருந்தா தொடரலாம். நீங்களும் வீட்டுக்காரரும் தனித்தனியா போடுங்க, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பாக்காம, வாரா வாரம். அவர் கல்நெஞ்சக்காரர்னும் நீங்க பிடிவாதம்னும் ரெண்டு பேரும் நினைச்சிட்டு இருக்கீங்க, தாளை பக்கத்துல பக்கத்துல வச்சா பெரும்பாலும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அவ அவளா விரும்பி பண்ற மூணு விஷயம் என்ன? ஜன்னல்ல உக்காந்து பறவை பாக்குறதா, நீங்க பாத்ரூம் போனா வாசல்ல காவல் நிக்கிறதா, உங்க மடியா? மூணுல ரெண்டு நின்னுருச்சுன்னா, நீங்க கொடுக்கிறதை வாங்கிக்க மட்டும்தான் அவ இருக்கான்னு அர்த்தம். நான் என் கிழவன் விஷயத்துல ரெண்டு வாரம் லேட். ஜன்னலுக்கு ஏறுறதை நிறுத்தினான், தூக்கி உக்கார வச்சேன். இறங்கவும் முடியல, இறக்கி விட்டேன். அதையும் நல்ல நாள்னுதான் கேலண்டர்ல குறிச்சேன்.

ஊசி போட்டு வலியில்லாம அனுப்பி வைக்கலாம்னு முடிவு பண்ணி அந்த நாள் வந்தா என்ன நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. முதல்ல மயக்கத்துக்கு ஊசி போட சொல்லி கேளுங்க, அவ நல்லா தூங்கின பிறகுதான் ரெண்டாவது மருந்து, நிமிஷங்கள்ல முடிஞ்சுரும். கண்ணு மூடாது, திறந்தேதான் இருக்கும், பிறகு ஒண்ணு ரெண்டு மூச்சு இழுக்கிற மாதிரி வரலாம், அது அவ இல்ல, வெறும் தசைதான். இதை யாரும் சொல்லாம விட்டுட்டா பிறகு வருஷக்கணக்கா அந்த கண்ணுதான் ஞாபகத்துல நிக்கும். வீட்டுக்கே வர்ற டாக்டர் கிடைச்சா வீட்டுலயே வைங்க. கிளினிக்தான்னா அவ தினம் படுக்குற துணியோட கொண்டு போங்க, போறதுக்கு முன்னாடி அதை துவைச்சுராதீங்க.