ஹஸ்ரத்பாலின் கூரை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் ஸ்ரீநகர் போயிருந்தோம். தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசலைப் பார்த்தோம். ஷாஜகான் கட்டியது என்றார் டிரைவர். வெள்ளைப் பளிங்கும் கும்மட்டமுமாகத் தாஜ்மகாலின் தம்பி மாதிரி இருந்தது. இரண்டில் எது மூத்தது? அங்கே பாதுகாக்கும் நபிகளின் திருமுடியை, அந்த ரோமத்தை, எப்போது காட்டுவார்கள்? 1963இல் அது காணாமல் போனது பற்றியும் எழுதுங்களேன்.

கே.

அன்புள்ள கே.,

போன வாரம்தான் பழைய ஹஸ்ரத்பாலின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம்.

திருமுடியை மிலாது (நபிகள் பிறந்த நாள்), மிஃராஜ் (அவர் விண்ணேறிய இரவு) போன்ற நாட்களில் காட்டுவார்கள். 1963 கதை பெரியது, இப்போது வேண்டாம்.

ஆனால், வெள்ளையாகப் பளிங்கைக் கண்டாலே ஷாஜகானா? நீங்கள் பார்த்த கட்டடம் 1968இல் தொடங்கி 1979இல் முடிந்தது. காஷ்மீர் அரசியல் தலைவர் ஷேக் அப்துல்லா தலைமையிலிருந்த அவ்காஃப் டிரஸ்ட் என்ற முஸ்லிம் அறக்கட்டளை கட்டியது. உங்கள் தாஜ்மகாலின் தம்பிக்கு என் கடைசித் தங்கையைவிட வயது குறைவு! ஷாஜகான் 1634இல் வந்து, அங்கிருந்த மாளிகையைத் தொழுகைக்கு விடச் சொன்னார் என்பார்கள். திருமுடி பிஜப்பூரிலிருந்து காஷ்மீர் வந்து சேர்ந்ததே அதற்கு அறுபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான்.

இதைக் கட்டுவதற்காக இடித்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த அந்தப் பழைய படத்தில் இருப்பது அடுக்கடுக்காக ஏறும் மரக்கூரை. காஷ்மீரின் பழைய கூரை என்றால் தேவதாரு மரத்தின் மேல் பூர்ஜ (பர்ச்) மரப்பட்டையை அடுக்குவார்கள், தண்ணீர் இறங்காது. பட்டையின் மேல் மண். மண்ணை மழை அரிக்காமல் புல்வேர் பிடித்துக்கொள்ளும். சரிவில் பனி வழுக்கிப் போகும். வசந்தத்தில் கூரையே பூக்கும். இந்த அறிவு அந்தக் குளிரில் பிறந்தது ஐயா, எந்த பாதுஷாவும் கொண்டுவந்து கொடுத்ததல்ல.

மரம் எரியும் என்பீர்கள். எரியும்தான். சரார்-எ-ஷரீஃப் தர்கா 1995இல் எரிந்தது, ஸ்ரீநகர் கான்யாரின் தஸ்தகீர் சாகிப் தர்கா 2012இல். அதனால் காஷ்மீரி கூரைக்குப் பதில் கும்மட்டமா வைப்பது? இதில் எனக்குச் சமாதானமே இல்லை.

ஸ்ரீநகரில் ஜீலம் ஆற்றின் கரையில், பழைய மரக்கட்டடமான ஷா ஹம்தான் கான்காவின் (சூஃபிகளின் தொழுகையிடம்) வெளித்திண்ணையில் ஒரு மார்ச் மாதம் உட்கார்ந்திருந்தேன். முஸ்லிம் அல்லாத நான் உள்ளே போக முடியாது. ஃபிரன் என்ற நீண்ட அங்கிக்குள் காங்ரியை, அந்தக் கணப்புச் சட்டியை, அணைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேலே கைகாட்டி, "என் சின்ன வயசில் எங்கள் வீட்டுக் கூரையில் டூலிப் பூக்கும், பறிக்க ஏறி அடி வாங்கியிருக்கிறேன்" என்றார். இப்போது தகரம்தான் என்று சொல்லிவிட்டு, என் கை நடுங்குவதைப் பார்த்து காங்ரியை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த முறை போகும்போது அந்த டிரைவரை ஜீலம் கரைக்கு விடச் சொல்லுங்கள். குழந்தைகளைக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.