பூங்காவில் கோழிக்குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைவது ஏன்?

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் எட்டுக் குஞ்சுகளோடு திரிந்த கோழியிடம் இப்போது மூன்றுதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் காகத்தின் வேலைதான். ஒரு காகம் தாயின் வால்பக்கம் வந்து சீண்டும். தாய் திரும்பித் துரத்துகிற நேரத்தில் இன்னொன்று குஞ்சைக் கவ்விப் பறந்துவிடும். பார்க்கவே மனசு பதறும்.

செம்பருந்தும் தூக்கும். வானத்தில் நிழல் தெரிந்தால் தாய் ஒரு தனிக்குரல் கொடுக்கும். பூனை வந்தால் வேறு குரல். முதல் குரல் கேட்டதும் குஞ்சுகள் புதருக்குள் அசையாமல் பதுங்கும்.

முதல் இரண்டு வாரம்தான் பெரிய கண்டம். அப்புறம் இறகு முளைத்துத் தாழ்ந்த கிளைக்குத் தாவிவிடும்.

தயவுசெய்து ரொட்டி, சோறு போடாதீர்கள். அது காகங்களைத்தான் கூட்டிவரும். காட்டு உயிர்களுக்கு உணவிடுவது 2020 ஜூன் முதல் சட்டப்படியும் குற்றம்.