சந்தை இறங்கும் என்று பணம் கட்டலாமா?

கேள்வி: வயது 52. ஈசூனில் வசிக்கிறேன். உள்ளூர் வங்கிப் பங்குகளைப் பத்தாண்டுகளாக வைத்திருக்கிறேன். விலைகள் மிகவும் ஏறிவிட்டன, இனி இறங்கும் என்று தோன்றுகிறது. அந்த இறக்கத்தில் பணம் பார்க்க என்ன வழி?

பதில்: உங்களுக்கு வேண்டியது லாபமா, பாதுகாப்பா? பாதுகாப்புதான் என்றால், பங்குகளில் ஒரு பகுதியை விற்றுவிடுங்கள். வரிக்குப் பயந்து விற்கத் தயங்குபவர்கள் பல நாடுகளில் உண்டு. சிங்கப்பூரில் தனிமனிதர் நீண்டகாலம் வைத்திருந்த பங்கை விற்றுப் பெறும் லாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு?

லாபம்தான் நோக்கம் என்றால், பலரும் நாடுவது சிஎஃப்டி, அதாவது பங்கையே கைமாற்றாமல் அதன் விலை வித்தியாசத்துக்கு மட்டும் தரகு நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தம். கையில் இல்லாத பங்கை விற்றுவைத்து, விலை இறங்கியதும் திரும்ப வாங்குவதற்குச் சமமானது அது. எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். வாங்கிய பங்கின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. விற்றுவைத்த பங்கு எவ்வளவு ஏறும் என்பதற்கோ எல்லை கிடையாது. 2021 ஜனவரித் தொடக்கத்தில் 20 டாலருக்கும் குறைவாக இருந்த அமெரிக்காவின் கேம்ஸ்டாப் பங்கு, அம்மாதம் 28ஆம் தேதி 483 டாலரைத் தொட்டது. இன்னொன்று: ஈவுத்தொகை வரும்போது, இத்தனை ஆண்டுகள் வாங்கிப் பழகிய அந்தத் தொகை உங்கள் சிஎஃப்டி கணக்கிலிருந்து கழிக்கப்படும்.

சிஎஃப்டி இல்லாமல், வைத்திராத பங்கைச் சந்தையில் நேரடியாக விற்கவே வேண்டாம். இரண்டாம் வேலை நாளில் ஒப்படைக்கத் தவறினால், அதை வாங்கும் செலவும் அபராதமும் உங்கள் தலையில் விழும்.

2017 முதல் சிங்கப்பூர்ச் சந்தையில் இருக்கும் டிஎல்சி, ஒரு குறியீடு அல்லது பங்கின் அன்றாட அசைவைப் பல மடங்காக்கித் தரும் பத்திரம்; அதன் இறக்க வகை, குறியீடு இறங்கினால் ஏறும். அதில் போட்ட பணத்துக்கு மேல் நட்டம் வராது. ஆனால் அதன் மடங்குக் கணக்கு அன்றாடம் புதிதாகத் தொடங்குகிறது. குறியீடு 100இலிருந்து 105க்கு ஏறி, மறுநாள் 100க்கே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மடங்கு இறக்க டிஎல்சியில் நீங்கள் போட்ட 100 வெள்ளி முதல் நாள் 75 ஆகும். மறுநாள் மீண்டும் ஏறியும் 93ஐ எட்டாது. கட்டணங்களைச் சேர்க்காமலே இந்த நிலை. மாதக்கணக்கில் வைத்திருக்க இது ஏற்றதல்ல.

குறித்த விலைக்கு விற்கும் உரிமையைத் தருவது புட் வாரண்ட்; பங்கின் விலை இறங்கினால் அதன் மதிப்பு ஏறும். அதிலும் நட்டம் கொடுத்த விலையோடு நின்றுவிடும். ஆனால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு; சந்தை அதற்குப் பிறகு சரிந்தால் பயனில்லை. நாள் ஆக ஆக மதிப்பும் கரையும். இறங்கியே தீரும் என்று உங்கள் மனம் சொன்னால், முழுவதும் போனாலும் குடும்பம் தாங்கும் ஒரு சிறு தொகைக்கு, சில மாதத் தவணையுள்ள வாரண்டை வாங்குங்கள். அதற்கு முன் தரகு நிறுவனம் உங்கள் கல்வி, வேலை, முதலீட்டு அனுபவத்தைச் சரிபார்க்கும். தகுதி போதவில்லை என்றால், பங்குச் சந்தையின் இணையப் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதலாம். தகுதி இருந்தாலும் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டே பணத்தை எடுங்கள்.