அத்தோ கடை போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

டொராண்டோ வந்து எட்டு மாதம் ஆகிறது, வேர்ஹவுஸில் வேலை, மனசு மட்டும் கையால் பிசைந்து தரும் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்குக் கடை போடுவதிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். "நஷ்டமானா வண்ணாரப்பேட்டையில எங்க தெரு என்ன சொல்லும்ணா?" என்றும் கேட்டிருந்தாய்.

நான் வியாசர்பாடி. டொராண்டோ வந்து 14 வருஷம். என் பாட்டி ரங்கூனில் பிறந்தவர். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது, 1964-ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் சென்னைக்கு வந்தார். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்தது. பக்கத்திலுள்ள செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ பிசைந்து விற்றதும் அவர்கள்தான், என் பாட்டியும் அதில் ஒருவர்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. 2016 அக்டோபரில் ஒரு வாரச் சந்தையில் மேஜை எடுத்து, 60 தட்டுக்கு நூடுல்ஸ் வேகவைத்தேன். 11 தட்டுதான் போனது. குளிரில் நிற்பவர்கள் சூடாகக் கேட்டார்கள். அத்தோவைச் சூடாக்கினால் முட்டைக்கோஸ் துவண்டுவிடும், புளித்தண்ணீர் வாசனையும் போய்விடும். எண்ணெய் சரியாகத் தடவாததால் நூடுல்ஸ் வேறு கட்டிதட்டிப் போயிருந்தது.

ராத்திரி அம்மா போன் பண்ணினார். "நல்லா போச்சும்மா" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே பொய். போன பணத்தைவிட அந்தப் போன்தான் எனக்கு பயம். அடுத்த சந்தைக்கு மேஜை எடுக்காமல் ஆறு மாதம் சும்மா இருந்ததும் அதனால்தான். கடைசியில் ஒருநாள் உடைந்து சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க பாட்டி முதல் வாரம் பிசைஞ்சதையெல்லாம் நாங்கதான்டா மூணு வேளையும் சாப்பிட்டோம்" என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை. பாட்டி கடை நன்றாக ஓடியதை மட்டும்தான் கேட்டு வளர்ந்தேன்.

அடுத்த முறை வாழைத்தண்டு சூப்பை முதலில் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் உள்ளே போனால், அத்தோ ஆறியிருப்பது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. இப்போது வாரம் இரண்டு நாள் போடுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை செய்யும் பெர்மிட் என்றால் சொந்த வியாபாரம் கூடாது, அதை முதலில் பார். உணவு கையாளும் சான்றிதழ் எடு, ஒன்டாரியோவில் ஐந்து வருஷம் செல்லும். சமைக்கும் இடத்துக்குச் சுகாதாரத் துறை சம்மதம் வேண்டும். வேலையை விடாதே. அம்மா நகையை அடகு வைக்கச் சொல்லாதே. தொலைந்தாலும் வாடகை கட்ட முடிகிற பணத்தை மட்டும் போடு.

இன்றைக்கே வீட்டுக்குப் போன் பண்ணி, கடை போடப்போகிறேன், முதலில் ஓடாமலும் போகலாம் என்று சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை என் மேஜைக்கு வா தம்பி. நூடுல்ஸுக்கு எவ்வளவு எண்ணெய் என்று கையில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.