உங்கள் டம்ளரில் சீனி இல்லை, அவர் டம்ளரில்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. நான்கு வருஷமாகச் சர்க்கரை வியாதி, மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டிலேயே தினமும் மூன்று வேளை டின்பால் (சீனி கலந்த கெட்டிப் பால்) ஊற்றிய தேநீர் வேண்டும். குறைத்தால் டம்ளரைத் தள்ளிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். மாமியாரும் அவர் பக்கம்தான். மனைவி என்பவள் ஏற்ற துணை, புருஷன் மனம் கோணாமல் நடக்க வேண்டும் என்று எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சொல்கிறார்கள். பர்மாவில் ஊழியம் செய்த மிஷனரி ஜட்சனின் மனைவி ஆன் ஜட்சன் அம்மையாரை உதாரணம் காட்டுகிறார்கள். டாக்டர் என்னையும் எச்சரித்ததால், நான் மட்டும் இரண்டு வருஷமாகச் சீனி இல்லாமல் குடித்துப் பழகிவிட்டேன். இப்போது அவருக்குக் கால் மரத்துப்போகிறதாம். கேட்டதைக் கொடுக்க மறுத்தால் பாவமா?
– ஒரு சகோதரி, மோல்மீன், மியான்மர் (பர்மா)

பதில்: "நான் மட்டும் சீனி இல்லாமல்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

ஒரே அடுப்பு, ஒரே கொதிநீர், இரண்டு டம்ளர். ஒன்றில் வெறும் சாயம். இன்னொன்றில் டின்பால் அடியில் கெட்டியாக இறங்கிக் கிடக்கிறது. இரண்டையும் கலக்குவது ஒரே கைதான். டாக்டர் சொன்னது உண்மை என்று அந்தக் கைக்குத் தெரியும். தெரியாமல் கொடுத்திருந்தால் உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பேன். இரண்டு வருஷமாகத் தெரிந்தே கொடுத்திருக்கிறீர்கள், அம்மா.

ஒரு டம்ளருக்குப் பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி டின்பால் என்றால் சுமார் 40 கிராம் வரும். அதில் பாதி சர்க்கரை. நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, வியாதி இல்லாதவர்களையும் சேர்த்துத்தான். உங்கள் கணவர் காலை டம்ளரிலேயே அதைக் கிட்டத்தட்ட முடித்துவிடுகிறார். இதில் டீக்கடைக் கணக்கு வரவில்லை. அதுவும் குடிக்கிற சர்க்கரை. வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது, இரத்தத்தில் மட்டும் சட்டென்று ஏறும்.

பெண்கள் ஐக்கியத்துக்கு வருகிறேன். ஆன் ஜட்சன் பெயரைச் சொல்கிறவர்கள் அவர் கதையை முழுதாகச் சொல்லட்டும். 1824-ல் புருஷனை அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டபோது அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கர்ப்பிணியாக, மாதக்கணக்கில் அதிகாரிகளின் வீட்டுப் படியேறி வாதாடினார். காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துச் சாப்பாடு சேர்த்தார். ஜட்சனின் பர்மிய வேதாகமக் கையெழுத்துப் பிரதி தலையணைக்குள் தைக்கப்பட்டு அந்தச் சிறைக்குள்ளேயே இருந்தது. தானே பர்மிய மொழி படித்து தானியேல், யோனா புத்தகங்களை மொழிபெயர்த்தவரும் அவர்தான். 1826-ல் உங்கள் ஊருக்குத் தெற்கே ஆம்ஹர்ஸ்டில் இறந்தார். நீங்கள் இப்போது சாய்க்கமி என்கிறீர்களே, அதே இடம். புருஷன் உயிரோடு வெளியே வர ஊரையே பகைத்துக்கொண்டவரைக் காட்டி, டின்பால் ஊற்றச் சொல்கிறார்களா?

புருஷனை எதிர்த்து நில் என்று யாரையும் தூண்டிவிடுகிறவள் இல்லை நான். கல்யாணம் கடமைதான், கஷ்டமான கடமை. அவர் சாப்பாடும் உடம்பும் உங்கள் பொறுப்பு என்றுதான் நானும் நம்புகிறேன். அதனால்தான் கோபம் வருகிறது. டம்ளரைத் தள்ளுவாரே என்ற பயத்துக்கு நீங்கள் கீழ்ப்படிதல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் தேநீருக்காகக் கோபித்துக்கொண்டு போகிறவரைப் பற்றி நான் என்ன சொல்ல? அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை, தப்பித்தார்.

பாவமா என்று கேட்டீர்கள். இல்லை. வேதாகமத்தில் அபிகாயில் தன் புருஷன் நாபாலைக் கேட்காமலே 200 அப்பங்களைக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, அவன்மேல் கோபமாக வந்த தாவீதிடம் போனாள், வீட்டைக் காப்பாற்றினாள். அன்று இரவு குடித்திருந்தவனிடம் வாய் திறக்கவில்லை. பொழுது விடிந்து வெறி தெளிந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நீங்களும் கோபமான நேரத்தில் பேச்சை எடுக்காதீர்கள். ஆனால் சொல்லாமல் விட்டுவிடவும் கூடாது. திருட்டுத்தனமாகக் குறைக்க வேண்டாம்.

முதலில் கால். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நரம்பு பழுதானால் செருப்புக் கடித்த புண்கூட அவருக்குத் தெரியாது. தினமும் இரவு உள்ளங்காலை, விரலிடுக்கை நீங்களே பாருங்கள். இனிப்பைக் குறைக்கப் போவதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் பார்ப்பார்.

அப்புறம் வீட்டில் டின் வாங்குவதை நிறுத்துங்கள். சர்க்கரை சேர்க்காத பால் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள். டீக்கடைக்குப் போகிறாரா, ஒரு நாள் நீங்களும் கூடப் போங்கள். மேசைமேல் காசில்லாமல் வைத்திருக்கிறார்களே பச்சைத் தேநீர், அதை அவர் முன்னால் ஊற்றி வையுங்கள். அவர் கத்தினால் கத்தட்டும், உங்கள் குரல் உயர வேண்டாம்.

மாமியார் ரகசியமாக டின் வாங்கி ஒளித்து வைத்தால் அதற்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.