சிறுநீரகம் செயலிழந்த வயதான நாயை, ஊசி போடாமல் வீட்டிலேயே இயற்கையாக இறக்க விடுவது தவறா?

தங்கள் 12 வயது நாய்க்கு, சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 6.2 என்று வந்திருப்பதாகவும், மருத்துவர் கருணைக்கொலை ஊசி போட்டுவிடலாம் என்பதாகவும், தங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை என்பதே என் பதில். ஆனால் ‘இயற்கையாக’ என்ற சொல்லை நம்பி, இனி நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டால் அது தவறு. வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே அதிக வேலை வாங்கும் வழி. நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதில் நான் செய்த இரண்டு பிழைகளையும் மட்டுமே சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

எங்களுடையவன் இராஜபாளையம் இனம். தூய வெள்ளையாகப் பிறக்கும் அந்த இனத்தில் பிறவிச் செவிடு அரிதன்று. அந்தக் குறைக்காகவே ஒருவர் கழித்துவிடவிருந்த குட்டியை நான் எடுத்து வந்தேன். வெள்ளையன் என்று பெயர் வைத்தது எங்கள் வசதிக்குத்தான். அவன் அதை ஒருநாளும் கேட்டதில்லை. தரையில் காலை இருமுறை தட்டினால் அதிர்வை உணர்ந்து தலையைத் தூக்குவான். பதினோரு ஆண்டுகள் நாங்கள் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம்.

முதற்பிழை என்னுடையது. அவனுக்குப் பத்து வயதானபோது பின்னங்காலை இழுத்து நடந்தான். என் முழங்கால் வலிக்கு எழுதிக் கொடுத்திருந்த டைக்ளோபினாக் மாத்திரையில் பாதியை இரண்டு வாரம் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். மாட்டுக்குப் போட்ட அதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதால், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006 இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னவனே நான்தான். என் கையிலிருந்த மாத்திரையை அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நோய்க்கு அதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை, விரைவுபடுத்தியிருக்கலாம் என்றார். அதை அவருடைய பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஓராண்டு கழித்து, அவன் வாளி வாளியாகத் தண்ணீர் குடிப்பதையும் இரவில் மூன்று முறை வெளியே போக வேண்டும் என்று கதவைப் பிறாண்டுவதையும் வெயிலின் குற்றமென்று நினைத்தோம். சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே இந்த அறிகுறி தெரியவரும் என்பது பின்னால் தெரிந்தது. முதல் சோதனையில் கிரியேட்டினின் 3.8, ஐந்து மாதத்தில் 7.4. மருத்துவர்கள் வகுத்திருக்கும் நான்கு நிலைகளில் 5க்கு மேல் போனாலே கடைசி நிலை. எடை 26 கிலோவிலிருந்து 19க்கு இறங்கியது. வாயில் புண், மூச்சில் மூத்திர வாடை.

அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசல் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்கி, கொடிக்கயிற்று ஆணியில் மாட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகி 300 மில்லி ஏற்றுவோம். அந்தத் தண்ணீர் ஒட்டகத்தின் திமிலைப் போல் நின்று, பிறகு முன்னங்கால் பக்கம் சரிந்து, சில மணி நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். இதை மருத்துவர் முதல் நாள் காட்டித் தந்தார். மறுவாரம் என் மனைவியே செய்தார். நானோ பாட்டிலைப் பிடிக்கும் வேலையோடு நின்றுகொண்டேன். வாந்திக்கும் அமிலத்துக்கும் மாத்திரை. பாஸ்பரஸ் மிகுந்தவை என்பதால் எலும்பு, கருவாடு, ஈரல், பால் எல்லாம் நிறுத்தம். முட்டையின் வெள்ளைக்கருவும் குழைந்த சோறும் மட்டும். பாலை நிறுத்தியதை என் தாயார் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. “செத்துப்போறவனுக்குப் பால இல்லன்னு சொல்ற வைத்தியத்த எங்கயும் கேட்டதில்ல” என்பார்.

எழுந்து நிற்க முடியாமல் போனபின்தான் உண்மையான வேலை. இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. இடுப்பெலும்பும் முழங்கையும் தரையில் பட்ட இடம் இரண்டே நாளில் சிவந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். அடியில் பஞ்சு மெத்தை, மேலே குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய வேட்டி. பகலிலும் கொசுவலை கட்டுங்கள். ஈரமாகக் கிடக்கும் உடம்பில் ஈ மொய்த்தால் ஒரே பகலில் புழு வைத்துவிடும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாய்க்கா இவ்வளவு என்று கேட்ட உறவினர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் வெட்டிவைத்தவர்கள் நம்மவர்கள்தாம் என்று சொல்ல நினைத்து, வீண் பேச்சென்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த ஒரு மதிப்பீட்டு அட்டவணை உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். 35க்கு மேல் வந்தால் வைத்துப் பார்க்கலாம் என்பது கணக்கு. தேர்ச்சிக்கு 35 என்பதை முப்பத்திரண்டு ஆண்டு பார்த்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை கிடைக்குமா? நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒருநாள் காலையில் 36 போட்டிருந்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை முகர்ந்து பார்த்ததற்காகப் பசிக்கு 5. நான் புரட்டிவிட்டபோது முன்காலை அசைத்ததற்காக நடமாட்டத்துக்கு 4. என் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “பார்டர்ல நிக்கிற பையனுக்குப் போடுற மாதிரில்ல போட்டிருக்கீங்க” என்று சொல்லி, தம் கணக்கை அருகில் எழுதினார்: 19. கருணை மதிப்பெண் போட்டே பழகிய கை அது. பிள்ளைக்குப் போட்டால் அவன் அடுத்த வகுப்புக்குப் போவான். இவனுக்குப் போட்டதால் இன்னொரு நாள் வாந்தி எடுத்தான்.

ஆனாலும் அன்றே மருத்துவரை அழைக்கவில்லை. நான்கு நாள் தள்ளிப்போயிற்று, என் தாயாரால். அவருக்கு 84 வயது. ஊசி என்ற பேச்சை எடுத்தாலே வைரவர் வாகனம், குடும்பத்துக்கு ஆகாது என்பார். அதை மூடநம்பிக்கை என்று நான் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள். படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் ‘தலைக்கூத்தல்’ என்ற கொடுமை எங்கள் பக்கத்தில் இருந்ததும், வீட்டார் தன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டு ஒரு முதியவர் தப்பியோடிய செய்தி 2010 இல் பத்திரிகைகளில் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். என் தாயார் அதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். எழுந்து நடக்காத ஒருவனை எந்தக் கிழமையில் முடிப்பது என்று, நானும் என் மனைவியும் தொலைபேசியில் என் மகனும், அவர் கட்டிலுக்குப் பத்தடி தள்ளி அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மனிதரையும் நாயையும் ஒன்றாக்குகிறான் என்று என்மேல் பாய வேண்டாம். நான் ஒன்றாக்கவில்லை, அந்தக் கூடத்தில் படுத்திருந்தவருக்கு அது ஒன்றாகத்தான் கேட்டது. உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் இந்தப் பேச்சை அவரை வைத்துக்கொண்டே, அவரிடமே கேட்டுப் பேசுங்கள்.

நான்காம் நாள் இரவு அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் தரையில் இருமுறை தட்டினேன், தலை எழவில்லை. இன்னும் இருமுறை தட்டினேன். கட்டிலிலிருந்து என் தாயார், “போதும்யா, தட்டாத. டாக்டர வரச் சொல்லிரு” என்றார்.

அந்த நான்கு நாளின் விலையை மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த மருத்துவர் முதலில் தசையில் மயக்க ஊசி போட்டார். அடுத்ததை நரம்பில்தான் போட வேண்டும். நீர் வற்றிய உடம்பில் நரம்பு அகப்படாமல் இரண்டு காலிலும் குத்தி, மூன்றாம் முறைதான் கிடைத்தது. மயங்கியிருந்ததால் அவனுக்கு வலித்திருக்காது என்றார் மருத்துவர். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்படி இல்லை. அளவுக்கு மீறிய மயக்க மருந்துதான் அது. முதலில் மூச்சும் பிறகு இதயமும் நின்றுவிடும். கண் மூடாது. பிறகு ஓரிரு முறை மூச்சு வாங்குவதுபோல் தோன்றலாம், சிறுநீரும் போகலாம். இவற்றை முன்னரே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவாரா, இரவில் வருவாரா என்பதையும் இன்றே கேட்டுவையுங்கள். ‘தூங்க வைப்பது’ என்ற சொல்லைக் குழந்தைகளிடம் பயன்படுத்தாதீர்கள். என் பேத்தி அதைக் கேட்டு ஒரு வாரம் தூங்கப் பயந்தாள். புதைப்பதென்றால் ஐந்தடி ஆழமாவது தோண்டுங்கள். மருந்து உடம்பிலேயே தங்கிவிடுவதால், தோண்டித் தின்னும் நாயும் நரியும் சாகும். எங்களுக்கு அண்ணன் தோட்டம் இருந்தது. நிலமில்லாதவர்கள் அந்த நேரத்தில் எங்கே போவார்கள் என்று எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் பின்னர் கேட்டேன். குப்பை வண்டியில் கொடுத்துவிடலாமே என்றார் அங்கிருந்தவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருத்துவர் இரண்டாவது ஊசிக்கு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, என் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு டம்ளரும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன. “டாக்டரய்யா, இனிமே பால் குடுக்கலாம்ல?” என்று கேட்டார். மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கொடுங்கம்மா என்றார். தாயார் பஞ்சைப் பாலில் நனைத்து, புண்ணில் படாமல் உதட்டோரத்தில் மூன்று முறை வைத்துவிட்டு, அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.