சபையில ஆள் குறைஞ்சுகிட்டே வருது, இதை நேர்மையா எப்படி எதிர்கொள்றது?

நீங்க சபை கமிட்டியில இருக்கீங்கன்னு நினைக்கிறேன், மத்தவங்க இப்படிக் கேட்க மாட்டாங்க, சத்தமில்லாம வர்றதை நிறுத்திருவாங்க.

இதைப் பேசினாலே சிலபேர் "கடைசி காலம், வெளிநாடு மாதிரி இங்கயும் விசுவாசம் போச்சு"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. அங்க கதை வேற. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2011 சென்சஸ்ல 59.3 சதவீதம் பேர் கிறிஸ்தவங்கன்னு எழுதினாங்க, 2021ல அது 46.2. தமிழ்நாட்டுல 2001ல 6.07, 2011ல 6.12, அடுத்து 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போச்சு. அதாவது கணக்கு தெரிஞ்ச வரைக்கும் குறைஞ்சது கிறிஸ்தவங்க இல்ல, நம்ம கோவில் பெஞ்சுல உட்கார்ற ஆளு.

எங்க ஊரு தெற்கத்தி செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம், மிஷனரி காலத்துக் கோவில். பனைத்தொழில் படுத்ததும் சனம் சென்னையில மளிகைக் கடை, திருப்பூர் பனியன் கம்பெனி, தாராவின்னு கிளம்பிருச்சு. ஆனா சபைக்குச் சந்தா கட்டுற உறுப்பினர் பட்டியல்ல ஒரு பேரு குறையல. ஏன்னா அதுலதான் சபை எலக்சன் ஓட்டு இருக்கு, பிள்ளை கல்யாணத்துக்கு ஓலை (ஆராதனையில வாசிக்கிற கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும், செத்தா கல்லறைத் தோட்டத்துல இடம் வேணும். ஊரே சேர்ந்து சாப்பிடுற அசனப் பண்டிகைக்கு பந்தல் கொள்ளாது, அடுத்த ஞாயிறு பாத்தா முன்வரிசையில நாலு ஆச்சிமாரும், கோவில் வேலை பாக்குற கோவில்பிள்ளையும். அறிக்கையில மட்டும் "சபை வளர்கிறது".

நான் கமிட்டிக்கு வந்ததும் பட்டியலை மூணா பிரிப்போம்னேன்: ஊர்ல இருக்கவங்க, வெளியூர்ல இருந்து சந்தா கட்டுறவங்க, பேச்சுமூச்சே இல்லாதவங்க. பெரியவர் ஒருத்தர் "ஏல, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காத"ன்னார். அவருக்கு எலக்சன் கவலை. எப்படியோ பிரிச்சு மூணாவது ஆட்களுக்கு நாங்களே போன் போட்டோம். சென்னையில சிலபேர் வீட்டுப் பக்கத்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போறாங்க, அங்க ஒரு வாரம் வரலன்னாலே தேடி வருவாங்களாம். திருப்பூர்ல ஒரு அக்கா, "ஞாயித்துக்கிழமைதான் தம்பி துணி துவைக்கணும், ரேஷன் வாங்கணும், அதுசரி, நன்கொடை கேட்கத் தவிர இதுவரைக்கும் எதுக்காவது எனக்கு போன் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்ல?

நன்கொடைன்னதும் ஞாபகம் வருது, கோவில்ல ஒவ்வொரு டியூப்லைட்டுலயும் ஃபேன் றெக்கையிலயும் "அன்பளிப்பு"ன்னு பேரு எழுதிருக்கு, ஃபேன் ஓடுனா பேரு தெரியாதுன்னு ஒருத்தர் ஆராதனை நேரத்துல அதை ஆஃப் பண்ணச் சொல்லிருக்கார், நம்புங்க. இருக்க சனத்துக்கே பெஞ்சு காலியா கிடக்கு, இதுல கிரானைட் போட்டு புது போர்டிகோ வேற, தூணுக்குத் தூண் கல்வெட்டு.

எங்க வழியே சரின்னு சொல்ல வரல. பட்டணத்துல, மூணு ஆராதனை வச்சும் இடம் பத்தாத கோவில்கள் இருக்கு, அவங்களுக்கு இது பொருந்தாது. எங்களுக்கு உண்மையான எண்ணிக்கை தெரிஞ்சப்புறம் காலை ரெண்டு ஆராதனையை ஒண்ணாக்கினோம், நடக்க முடியாத ஆச்சிமாரைக் கூட்டிவர ஆட்டோ வச்சோம். கூட்டம் கூடிருச்சான்னு கேட்டா, இல்ல. ஆனா இப்ப யார் வரலன்னு தெரியுது, அன்னைக்கு சாயங்காலமே யாராவது போய் பாக்குறாங்க.

"சபையைக் கேவலப்படுத்துறான்"னு கிளம்பி வர்றவங்களுக்கு: நான் இன்னும் பாடகர் குழுவுலதான் இருக்கேன். சனிக்கிழமை ராத்திரி பிராக்டிஸ், ஆம்பளைக் குரலுக்கு ஆள் வேணும், பேச்சை விட்டுட்டு வாங்க.